ஐசக் தனபாலன் எடுத்த ஒரே படம்

செவ்வாய்க்கிழமை காலை பால் வாங்கிக்கொண்டு அடிவாரம் பஸ் நிறுத்தத்தைக் கடந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஐசக்கின் மகள் எஸ்தரிடமிருந்து போன் வந்தது.

"மாமா, அப்பா போயிட்டாருங்க."

"எப்படி கண்ணு?" என்று கேட்டேன்.

"காலையில எந்திரிச்சு மூஞ்சி கழுவிட்டுக் காப்பி கேட்டாருங்க. நான் கொண்டாறதுக்குள்ள நாற்காலியில சாஞ்சாப்புல போயிட்டார்."

எண்பதைத் தாண்டிய மனிதர். இரண்டு வருடங்களாக நெஞ்சு வலிக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிர்பாராத சாவு என்று சொல்ல முடியாது. ஆனாலும் வீடு வந்த பிறகும் உள்ளே போகாமல் பால் பாத்திரத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

ஏற்காட்டில் பலருக்கும் ஐசக் தனபாலன் அவர்களை ஸ்டூடியோக்காரராகத்தான் தெரியும். ஏரிக்குப் போகும் சாலையில் கடை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் அளவுப் படம், மலைக்கு வரும் புது ஜோடிகளுக்குப் பெரிய படம், ஞாயிற்றுக்கிழமை காலை தேவாலயத்தில் கடைசி பெஞ்சு, இப்படித்தான் அவரை ஊர் பார்த்தது. அவர் ஒரு முழுநீளத் திரைப்படத்தை இயக்கியவர் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. வேதாகமத்தில் வரும் நாபோத்தின் கதையை ஏற்காட்டு மலையில் வைத்துப் படமாக்கினார். அதற்கு வசனம் எழுதியவன் நான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

அவரை நான் முதலில் சந்தித்தது ஒரு நாடகம் முடிந்த பிறகு. கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் பழம் தோலுரிக்கும் கொட்டகையில் எனக்கு வேலை. என் பெற்றோர் ராசிபுரம் பக்கமிருந்து எஸ்டேட் வேலைக்கு மலையேறியவர்கள். தொழிற்சங்கத்தில் ஒரு பொறுப்பில் இருந்தேன், சங்கத்துக்காக நாடகங்களும் எழுதினேன். சாமி நம்பிக்கை கிடையாது, இப்போதும் இல்லை. நெருக்கடி நிலை முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. எதையும் உரக்கச் சொல்லலாம் என்ற தெம்பு எங்களுக்கு வந்திருந்த காலம். நாடகம் முடிந்து எல்லோரும் கைதட்டிக் கலைந்த பிறகு, மெலிந்த, கண்ணாடி போட்ட ஒருவர் என்னிடம் வந்தார். செய்திப் படங்கள் எடுக்கும் வேலையை விட்டுவிட்டு வந்திருப்பதாகச் சொன்னார்.

"நாடகம் நல்லா இருந்ததுங்க. ஒண்ணு கேக்கலாங்களா? உங்க நாடகத்துல முதலாளி மட்டும் ஏனுங்க எந்நேரமும் கத்திக்கிட்டே இருக்கார்? நான் பாத்த முதலாளிங்க எல்லாம் நொம்ப மெதுவாத்தானுங்க பேசுவாங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அது உண்மை என்பதும் தெரிந்தது. அன்றைக்கே டீக்கடையில் உட்கார்ந்து நாபோத்தின் கதையைச் சொன்னார். அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு குடியானவனின் திராட்சத் தோட்டம். ஆகாப் ராஜா அதைக் கேட்கிறான். அப்பன் பாட்டன் சொத்து, தரமாட்டேன் என்கிறான் நாபோத். ராஜா சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். ராணி யேசபேல் ஊர்ப் பெரியவர்களுக்கு ஆள் அனுப்பி, இரண்டு பொய்ச் சாட்சிகளை ஏற்பாடு செய்கிறாள். நாபோத் தெய்வத்தையும் ராஜாவையும் பழித்தான் என்று அவர்கள் சொல்ல, ஊரே சேர்ந்து அவனைக் கல்லெறிந்து கொல்கிறது. தோட்டத்தைக் கைப்பற்றப் போன ராஜாவின் முன்னால் எலியா தீர்க்கதரிசி வந்து நின்று, கொலையும் செய்துவிட்டுச் சொத்தையும் எடுத்துக்கொண்டாயா என்று கேட்கிறார்.

"இது எங்க மலைக் கதையாச்சேங்க" என்றேன்.

"அதுக்குத்தானுங்க உங்ககிட்ட வந்தேன்" என்றார்.

எழுத உட்கார்ந்தோம். தாடி ஒட்டி, அங்கி மாட்டி எடுப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்தார். பெயர்கள் வேதாகமத்தில் உள்ளபடியே இருக்கும். ஆனால் நாபோத் வேட்டி கட்டிக் கம்பளி போர்த்தியிருப்பான். திராட்சத் தோட்டம் ஆரஞ்சுத் தோட்டமாகும். வாடகைக் காமிராவும் பிலிமும் உள்ளூர்க் கிறிஸ்தவச் சபை ஒன்றின் உதவியில் வந்தன. அந்தச் சபையின் செயலாளர் ஜெபமணி எங்களோடு கூடவே இருந்தார். ஆட்களும் சாப்பாடும் எங்கள் சங்கத்தின் பொறுப்பு. வேதக் கதை ஊருக்குப் போகும் என்று சபை நினைத்தது, நில உரிமை பற்றிய படம் என்று நாங்கள் நினைத்தோம். நடுவில் ஐசக் இருந்தார்.

முதல் தகராறு ஒரு சொல்லுக்காக வந்தது. தமிழ் வேதாகமத்தில் நாபோத் தன் நிலத்தைச் சுதந்தரம் என்கிறான். முன்னோர் வழி வந்த சொத்து என்பது அங்கே அதன் பொருள். நான் அதை நாட்டுச் சுதந்திரம் என்று படித்துவிட்டு, அடடா, எவ்வளவு பெரிய வசனம் என்று குதித்தேன். ஐசக் சிரித்துக்கொண்டே விளக்கினார். விளக்கிய பிறகும் அந்தச் சொல் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன், தொழிலாளிகள் காதில் அது சுதந்திரமாகத்தான் விழும் என்று. வேத வார்த்தை, மாற்றக்கூடாது என்று ஜெபமணியும் அதையே கேட்டார். நாங்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். கடைசியில் அந்தச் சொல் படத்தில் வரவேயில்லை.

காரணம் சடையன். மலை விவசாயி. சாமையும் கேழ்வரகும் போட்டு, ஒரு சரிவில் ஆரஞ்சுத் தோட்டமும் வைத்திருந்தார். நாபோத்தாக நடிக்க ஐசக் அவரைத்தான் கேட்டார். சடையனின் வாயில் சுதந்தரம் என்ற சொல் நுழையவில்லை. "எங்கப்பன், எங்க தாத்தன் ஆண்ட காடுங்க, தரமாட்டனுங்க" என்றார். ஐசக் அதையே வைத்துக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. வேதத்தில் நாபோத் கர்த்தரின் பெயரைச் சொல்லித்தான் மறுக்கிறான். சடையன் தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. நான் சேர்வராயன் மேல ஆணையாத்தானுங்க சொல்லுவேன். உங்க சாமி பேரை நான் சொன்னா அது என் வாயில பொய்யாட்டம் இருக்கும்."

சேர்வராயன் என்பது மலை உச்சிக் குகைக் கோயிலில் இருக்கும் அவர்களுடைய தெய்வம். ஜெபமணி எழுந்து நின்றுவிட்டார்.

"வேதத்து நீதிமான் வந்து சேர்வராயன் மேல சத்தியம் பண்றதுங்களா? ஐசக், நீங்க உபதேசியார் மகன். யோசிச்சுப் பேசுங்க."

"யோசிச்சுட்டனுங்க. நாபோத் தன் அப்பன் கும்பிட்ட சாமியைச் சொன்னான். இவரும் தன் அப்பன் கும்பிட்ட சாமியைச் சொல்றார். வாய்க்கு வராத சாமி பேர்ல ஒருத்தர் சத்தியம் பண்ணினா, அப்புறம் அவரும் பொய்ச் சாட்சிதானுங்களே."

ஜெபமணி கெட்ட மனிதர் அல்லர் என்பதை இங்கே சொல்ல வேண்டும். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, சபையின் பெயர் படத்தில் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, வாடகைக் கெடு முடியும்வரை காமிராவை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவருடைய கண்கள் சிவந்திருந்தன. தன் சபையாரிடம் அவர் எவ்வளவு பேச்சு வாங்கினார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

கல்லெறியும் காட்சியை ஒரு பாறைச் சரிவில் எடுத்தோம். எஸ்டேட் தொழிலாளிகளும் மலைக்காரர்களுமாகப் பெரிய கூட்டம். பழந்துணியைச் சுருட்டி, மேலே மண் பூசிக் கற்களாகக் குவித்து வைத்திருந்தோம். சடையன் நடுவில் நின்றார். ஐசக் கையை அசைத்தார். யாரும் எறியவில்லை.

மறுபடி சொன்னார். இல்லை. காவேரி என்ற பழம் பறிக்கும் பெண் முன்னால் வந்தாள்.

"சடையண்ணன் மேல எங்களால முடியாதுங்க. துணியா இருந்தாலும் கையில எடுத்தா கல்லாட்டந்தானுங்க இருக்குது. அவரு எங்களுக்கு என்ன பண்ணினாரு?"

ஐசக்கின் பக்கத்தில் ஓடிப்போய், "இதையே எடுங்க. ஜனங்க எறிய மறுக்கறாங்க, ராஜா தோத்துப் போறான். இதைவிட என்னங்க வேணும் உங்களுக்கு?" என்றேன்.

அவர் காமிராவை நிறுத்தச் சொன்னார். கூட்டத்தை உட்காரச் சொல்லி, தானும் ஒரு பாறையில் உட்கார்ந்தார். அவர் தன் வீட்டுக் கதையைப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அவருடைய தகப்பனார் சமவெளியில் ஒரு சிறிய சபையில் உபதேசியாராக, போதகர் இல்லாத நாட்களில் ஜெபம் நடத்துபவராக, இருந்தவர். அங்கே சாதிக்கு ஒரு பெஞ்சு என்று வழக்கம் இருந்ததாம். அதை எதிர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசிவிட்டார். அடுத்த மாதம் அவர் திருவிருந்துக்கு வைத்திருந்த திராட்சரசத்தைக் குடித்துவிட்டுக் கிடந்தார் என்று புகார் வந்தது. சாட்சி சொல்ல இரண்டு பேர் வந்தார்கள். அவரை நீக்குவதற்குச் சம்மதமானவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள்.

"எல்லாரும் தூக்கினாங்க" என்றார் ஐசக். "முந்தின நாள் எங்க ஊட்டுக்கு மீன் கொழம்பு கொடுத்தனுப்பின அம்மாவும் தூக்கினாங்க. அவங்க கெட்டவங்க இல்லீங்க. எங்கம்மாவுக்குப் பிரசவம் பாத்தவங்க. பக்கத்துல இருக்கறவங்க தூக்கினாங்க, அவங்களும் தூக்கினாங்க. அந்த ஏக்கத்துலயே எங்கப்பா செத்துப்போனார். நீங்க இன்னிக்கு எறியாம நிக்கறது எனக்கு எவ்வளவு சந்தோசம்னு சொல்ல முடியாதுங்க. ஆனா நாபோத்து ஊர்ல எறிஞ்சாங்க. எறியலைன்னு நான் படம் எடுத்தா, எங்கப்பா செத்தது பொய்யாப் போயிரும்."

பிறகு சடையனை வெளியே வரச் சொன்னார். காமிராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு, அதன் பக்கத்தில் தானே போய் நின்றார்.

"என் மேல எறிங்க. உங்க மூஞ்சி மட்டும்தான் படத்துல வரும்."

முதலில் சிரித்துக்கொண்டே எறிந்தார்கள். இரண்டு மூன்று உருண்டைகள் அவர் காலடியில் விழுந்தன. "ஜோரா எறிங்க, ஜோரா" என்று கத்தினார். கை வேகம் பிடித்தது. சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரத்தில் அங்கே எழுந்த கூச்சலை நான் எழுதிக் கொடுக்கவில்லை. துணி உருண்டைகள் தீர்ந்துபோயின, ஆனாலும் கைகள் நிற்கவில்லை. யாரோ ஒருவர் எறிந்த நிஜக் கல் ஐசக்கின் நெற்றியில் பட்டது. அவர் உட்கார்ந்துவிட்டார். விரல்களுக்கிடையில் இரத்தம் வழிந்தது.

கூட்டம் அப்படியே உறைந்தது. காமிரா ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள், தங்கள் கைகளைப் பார்க்கிறார்கள், காவேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். படத்தில் அதுதான் கல்லெறியும் காட்சி. நாபோத் அதில் இல்லவே இல்லை. யார் எறிந்தது என்று ஐசக் கடைசிவரை கேட்கவில்லை. நான் விசாரிக்கப் போனபோது தடுத்துவிட்டார். "பேரு தெரிஞ்சா அந்த ஒருத்தரோட தப்பாப் போயிருங்க" என்றார்.

அடுத்த தகராறு என்னோடு. வேதாகமத்தில் எலியா கேட்ட பிறகு ஆகாப் உடையைக் கிழித்துக்கொண்டு அழுகிறான். அதற்காகத் தண்டனை தள்ளிப்போகிறது. அந்த அழுகையே வேண்டாம், தொழிலாளிகள் திரண்டு வந்து தோட்டத்தை மீட்பதாக முடிப்போம் என்று நான் சொன்னேன். சங்கத்திலும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். சபைக்காரர்களோ, விலகிய பிறகும், மனந்திரும்பிய ராஜாவுக்கு மன்னிப்புக் கிடைப்பதாகக் காட்டினால் மீண்டும் சேர்ந்துகொள்கிறோம் என்று சொல்லியனுப்பினார்கள்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஆசைதானுங்க, கோவிந்தன்" என்றார் ஐசக். "படம் பாக்கறவன் நிம்மதியா ஊட்டுக்குப் போகணும்."

"அப்ப நீங்க என்னதான் காட்டப் போறீங்க?"

"அழுதான். அது நெசம். நெலத்தைத் திருப்பிக் குடுக்கலை. அதுவும் நெசம். வேதத்துல ரெண்டும் இருக்குதுங்க. ஒண்ணை வெச்சுக்கிட்டு இன்னொண்ணை விட எனக்கு அதிகாரம் இல்லை."

அப்படியே எடுத்தார். ஆகாபாக நடித்தவர் சேலத்து நாடக நடிகர். ஆரஞ்சு மரத்தடியில் உட்கார்ந்து அவர் உண்மையாகவே விம்முகிறார். பார்ப்பவருக்குப் பரிதாபம் வந்துவிடுகிறது. பின்னால் அவருடைய ஆட்கள் வேலி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். யாரும் அவர்களை நிறுத்தச் சொல்லவில்லை. படம் அங்கே முடிகிறது.

சங்கமும் தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டது. "நல்லதுங்க, டைட்டில்ல எடம் மிச்சம்" என்றார் ஐசக். என் பெயரையும் எடுக்கச் சொன்னார்கள். அந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லைதான். ஆனால் வசனம் நான் எழுதியது. எடுக்க மறுத்தேன். சங்கத்தில் என் பொறுப்பு போயிற்று.

படம் சேலத்தில் ஒரு தியேட்டரில் சில நாட்கள் ஓடியது. கிறிஸ்தவர்கள் அதை இந்துப் படம் என்றார்கள், இந்துக்கள் கிறிஸ்தவப் படம் என்றார்கள், எங்கள் ஆட்கள் சோர்வுப் படம் என்றார்கள். பிறகு கொட்டச்சேட்டில் திரை கட்டிப் போட்டோம். கல்லெறியும் காட்சியில் தங்கள் முகங்களைப் பெரிதாகப் பார்த்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். படம் முடிந்து எல்லோரும் எழுந்து போனார்கள். காவேரி மட்டும் ஐசக்கிடம் வந்து, "நானாட்டமே இல்லீங்க அது" என்றாள். "நீங்கதானுங்க. நானா இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன்" என்றார் அவர்.

அதற்குப் பிறகு அவர் படம் எடுக்கவில்லை. யாரும் அவரைக் கூப்பிடவும் இல்லை. ஸ்டூடியோ வைத்தார், திருமணம் செய்தார், எஸ்தர் பிறந்தாள். நொந்துபோய் உட்கார்ந்ததாக நான் பார்த்ததில்லை. எடுக்க வேண்டியதை எடுத்தாகிவிட்டது என்பார்.

சில வருடங்கள் போனபின் சடையன் தன் ஆரஞ்சுத் தோட்டத்தை ஒரு விடுதிக்காரருக்கு விற்றுவிட்டார். கேள்விப்பட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐசக்கைக் கூட்டிக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். "நாபோத்தா நடிச்ச நீங்களே இப்படிப் பண்ணலாங்களா?" என்று கேட்டுவிட்டேன். சடையன் அசரவில்லை.

"நாபோத்துக்குக் கட்டிக் குடுக்கற வயசுல ரெண்டு புள்ளைங்க இருந்தாங்களாங்க? அதைப் பத்தி உங்க கதையில ஒண்ணுமே இல்லையே."

ஐசக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திரும்பி நடக்கும்போது நான் முறைத்துக்கொண்டே வந்தேன்.

"கோவிந்தன், அவர்கிட்டக் கேட்டாங்க. யோசிச்சார். வித்தார். யாரும் பொய்ச் சாட்சி சொல்லலை, யாரும் கல்லெடுக்கலை. வேண்டாம்னு சொல்லியிருந்தா இன்னிக்கும் உசுரோட அங்கதான் இருந்திருப்பார். நாபோத்துக்கு அதுதானுங்க கெடைக்கலை."

அவருடைய அரசியல் என்ன, விசுவாசம் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் பதிலைத்தான் சொல்வது வழக்கம். வேறு விளக்கம் அவரும் தந்ததில்லை.

புதன்கிழமை அடக்கம். மழைத் தூறலும் மூட்டமுமாக இருந்தது. சடையன் மருமகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். காவேரி எஸ்தரின் பக்கத்திலேயே நின்றாள். போதகர் ஜெபம் முடித்ததும், என்னைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். ஜெபம் செய்யத் தெரியாதவன் அந்த இடத்தில் என்ன பேசுவது? "இவர் யாரையும் நல்லவனாக்கியும் காட்டலை, கெட்டவனாக்கியும் காட்டலை. எங்களை எங்களாவே காட்டினார்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டேன்.

எல்லாம் முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது பெஞ்சில் ஜெபமணி உட்கார்ந்திருந்தார். கைத்தடி, காதில் மிஷின். நாங்கள் பேசி வருடக்கணக்காகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே ஆரம்பித்தார்.

"அந்தக் கடைசி அழுகை நெசந்தானுங்க, கோவிந்தன். ராஜா மனந்திரும்பினான். நான் இன்னிக்கும் நம்பறேன்."

"அப்புறம் ஏனுங்க வேலியைப் பிரிக்கலை?"

"பிரிச்சிருப்பான். படம் அங்கே நின்னுபோச்சு."

"பிரிக்க மாட்டானுங்க. அழுது முடிச்சுட்டு ஊட்டுக்குப் போய்ச் சோறு தின்னுருப்பான்."

"அப்படிச் சொல்லாதீங்க..." என்று அவர் என் பக்கம் முழுதாகத் திரும்பினார். சேலம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எங்களைப் பார்த்து இரண்டு தடவை குரல் கொடுத்தார். நான் கையை அசைத்துப் போகச் சொன்னேன். ஜெபமணி காதில் இருந்த மிஷினைச் சரிசெய்துகொண்டு, "இப்பச் சொல்லுங்க" என்றார்.

போய் வாருங்கள், ஐசக். நாங்கள் இன்னும் உங்கள் படத்தைப் பேசி முடிக்கவில்லை.